ஜிங்க் பூச்சு ரோட்டர்: வாங்கலாமா?

ரோட்டர் என்பது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு. ஜிங்க் (துத்தநாகம்) பூசியதை 'துருவே பிடிக்காது' என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். பிரேக் பேட் (ரோட்டரை அழுத்தி நிறுத்தும் கட்டை) உரசும் வட்டத்தில் பூச்சு முதல் சில பிரேக்குகளிலேயே தேய்ந்துவிடும். பிறகு மழையில் நின்ற வண்டியில் அங்கே செம்பழுப்புப் படலம் வரத்தான் செய்யும்; நாலைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும். பூச்சின் உண்மையான பலன் நடுப்பகுதியிலும் வெளிவிளிம்பிலும் காற்று போகும் இடுக்குகளிலும்தான். பூச்சில்லாத வார்ப்பிரும்பு ரோட்டரில் விளிம்புத் துரு செதில் செதிலாகப் பெயரும், நடுப்பகுதி ஹப்போடு (ரோட்டரும் சக்கரமும் மாட்டப்படும் மையப் பாகம்) இறுகிக்கொண்டு சுத்தியல் இல்லாமல் கழலாது. ஜிங்க் பூசியதில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

மாட்டும்போது பலர் கோட்டைவிடுவது ஹப் முகத்தில். பழைய துருவைக் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்காவிட்டால் ரோட்டர் சாய்ந்து உட்காரும். மாட்டியதும் நட்டுகளை இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்து ரோட்டரைச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ரோட்டரின் தடிமன் ஏறுக்குமாறாகி பெடல் துடிக்கும். பழியோ ரோட்டர் மேல் விழும்! புது பேடும் சேர்த்தே போடுங்கள், பழைய பேடின் வரிகள் புது முகத்தோடு ஒத்துப்போகாது.

தினமும் ஓடும் வண்டிக்குக் கட்டாயமில்லை. உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்குத் தயங்காமல் வாங்கலாம்.