ஜப்பான் மியூசிக் ஸ்டோருக்கு ப்ரீபெய்டு கோடு விக்கிறவங்ககிட்ட பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மக்களே, வெளிநாட்டு ஸ்டோர்ல காசு குடுத்து பாட்டு வாங்கணும்னு நினைக்கிறவங்க, முக்கியமா ஜப்பான் ஆல்பம் தேடுறவங்க, "எந்த நாட்டுல இருந்தும் யூஸ் பண்ணலாம்"னு விளம்பரம் போட்டு ப்ரீபெய்டு கோடு (ஸ்டோர் அக்கவுண்ட்ல போட்டா பணமா ஏறுற நம்பர்) விக்கிற ஆளுங்ககிட்ட தயவுசெஞ்சு மாட்டிக்காதீங்க. எனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் போச்சு, இன்னும் வரல.

நான் தேடினது ஒரு ஜாஸ் பியானோ ட்ரியோவோட லைவ் ஆல்பம். இங்க ஸ்ட்ரீமிங் ஆப்ல ஆல்பம் பேரு வருது, ஆனா ரெண்டு பாட்டைத் தவிர மத்ததெல்லாம் சாம்பல் கலர்ல கிடக்கு, தொட்டா ஒண்ணும் ஆகல. ஜப்பான்ல ஒரு டவுன்லோடு ஸ்டோர்ல முழுசா, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலாவே இருந்துச்சு, ஆனா நம்ம ஊர் கார்டை அவங்க எடுத்துக்கல. அந்த ஸ்டோருக்கு கோடு விக்கிற இந்திய சைட் ஒண்ணு இருக்கு, அதுல பணம் கட்டுறதுக்கு முன்னாடியே சாட்ல தெளிவா கேட்டேன், நான் சென்னைல இருக்கேன், அக்கவுண்ட்லயும் சென்னை அட்ரஸ்தான் இருக்கு, இதுல ஆல்பம் வாங்க முடியுமான்னு. "கண்டிப்பா முடியும், எல்லா நாட்டுக்கும் வொர்க் ஆகும்"னு பதில் வந்துச்சு. 3,000 யென் கோடு 2,340 ரூபாய், அன்னைக்கு ரேட்டுக்கு 1,700 கிட்டதான் வரும், மீதியெல்லாம் அவங்க கமிஷன். கிடைச்சா போதும்னு யூபிஐல அனுப்பினேன்.

கோடு ஏறுச்சு, பேலன்ஸ் 3,000னு காட்டுச்சு. ஆல்பத்தை செலக்ட் பண்ணி கடைசி பட்டனை அழுத்தினா சிவப்பு எழுத்துல ஒரே ஒரு வரி. போன் கேமராவ ஸ்க்ரீன் மேல காட்டி மொழிபெயர்த்துப் பாத்தா, ஜப்பானுக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் விற்பனையாம். பேலன்ஸை வெளிய எடுக்க வழியில்ல, வேற யாருக்கும் மாத்திவிடவும் வழியில்ல. கோடு வித்தவங்ககிட்ட கேட்டா முதல்ல "விபிஎன் போட்டு ட்ரை பண்ணுங்க"ன்னாங்க, அப்புறம் "ரெடீம் ஆன கோடுக்கு ரீஃபண்ட் கிடையாது"ன்னாங்க, அவங்க சொன்ன சாட்டையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினதும் பதில் சொல்றதையே நிறுத்திட்டாங்க.

அந்த விபிஎன் பேச்சை நம்பாதீங்க. நாம எந்த நாட்டுல இருந்து இணையத்துக்கு வர்றோம்னு காட்டுற ஐபி அட்ரஸை மட்டும்தான் அது மாத்தும், ஆனா கடைங்க பில்லிங் அட்ரஸும் பாக்கும், கார்டு நம்பரோட முதல் சில எண்ணை வச்சே எந்த நாட்டு பேங்க் குடுத்ததுன்னும் கண்டுபிடிக்கும். பொய் அட்ரஸ் குடுத்து மாட்டினா அக்கவுண்டையே லாக் பண்ணிடலாம், அப்ப பேலன்ஸும் அதோட போச்சு.

இந்தத் தடை ஏன்னா, ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு, வரியும் மெட்டும் ஒண்ணு, ஒலிப்பதிவு இன்னொண்ணு. ரெண்டையும் நாடு நாடா பிரிச்சுதான் லைசென்ஸ் குடுக்கிறாங்க, வரிக்கும் மெட்டுக்கும் காசு வசூல் பண்ற சங்கமும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி, ஜப்பான்ல ஜாஸ்ராக், நம்ம நாட்டுல ஐபிஆர்எஸ். கடைகிட்ட ஜப்பானுக்கு மட்டும் லைசென்ஸ் இருந்தா நம்மகிட்ட விக்க அவங்களால முடியாது. ஐரோப்பிய யூனியன்லயே 2018 டிசம்பர்ல நாடு பாத்து தடுக்கக் கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்தும், டவுன்லோடு மியூசிக், இ-புக் மாதிரி காப்பிரைட் சமாச்சாரத்தை அதோட முக்கியமான விதியில இருந்து விலக்கிதான் வச்சாங்க. அதனால எனக்கு அந்த ஸ்டோர் மேல கோபம் இல்ல, ஜப்பானுக்குள்ள மட்டும்தான்னு அவங்க சொன்னது உண்மை. இதெல்லாம் தெரிஞ்சும், கேட்ட கேள்விக்கு "முடியும்"னு சொல்லி காசு வாங்கினவன் மேலதான் கோபம். இதே தொழில்ல தினம் இருக்கிறவனுக்கு இது தெரியாதுன்னா நான் நம்ப மாட்டேன்.

ஆப்பிள் கிஃப்ட் கார்டுக்கும் இதே கதைதான், எந்த நாட்டுல வாங்கினதோ அந்த நாட்டு ஸ்டோர்லதான் ஏறும், பேலன்ஸ் மிச்சம் இருந்தா அக்கவுண்டோட நாட்டை மாத்த விடாது. நாட்டை மாத்தின பிறகு பழசா வாங்கின பாட்டு மறுபடி டவுன்லோடு ஆகாமப் போகலாம், அதனால வாங்கின உடனே ஃபைலை ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சிடுங்க.

ஏற்கனவே ஏமாந்தவங்க சும்மா விடாதீங்க. 2020ல நம்ம நாட்டுல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி ஆன்லைன் கடையோட குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருளுக்கு ரீஃபண்ட் மறுக்கக் கூடாது. நான் அந்த விதியை எழுதி அவங்களுக்கு மெயில் போட்டு, 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்லயும் புகார் பதிஞ்சிருக்கேன். சாட், பேமெண்ட் ரசீது, அந்த சிவப்பு வரி, மூணுக்கும் ஸ்க்ரீன்ஷாட் இருந்ததாலதான் புகாரை உருப்படியா எழுத முடிஞ்சுது, சாட்டை மூடிட்டா சில சைட்ல அது திரும்பக் கிடைக்காது, அப்பவே எடுத்துடுங்க.

பாட்டு வேணும்ங்கிறவங்க முதல்ல பேண்ட்கேம்ப்ங்கிற சைட்ல தேடிப் பாருங்க, அங்க கலைஞர்களும் சின்ன லேபிள்களும் நேரடியா விக்கிறாங்க, ஃப்ளாக்கும் கிடைக்கும். கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனையை பேங்க் ஆப்ல ஆன் பண்ணணும், கரன்சி மாத்துறதுக்கு பேங்க் தனியா சார்ஜ் போடும், அதுக்கு மேல ஜிஎஸ்டியும் உண்டு. இல்லைன்னா சிடி, ஜப்பான்ல இருந்து வெளிநாட்டுக்கு அனுப்புற கடைங்க இருக்கு, தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தா விலை ஏறும்தான், ஆனா பொருள் கைக்கு வரும். நான் அந்த ஆல்பத்தோட சிடியைத்தான் ஆர்டர் போட்டிருக்கேன். புகாருக்கு பதில் வந்தா இங்கயே எழுதுறேன்.