ரந்தேபாவோ வழிகாட்டி சேவை: இரண்டு நாள் அனுபவம்

மக்காசாரில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது ரந்தேபாவோ. இந்தோனேசியாவின் தெற்கு சுலாவேசி மலைக்குள் தோராஜா மக்களின் ஊர். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவரை இரண்டு நாளுக்கு வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். கொடுத்த காசுக்குத் திருப்தி.

முதல் வேலையாகக் கடைக்குக் கூட்டிப்போய் சர்க்கரையும் சிகரெட்டும் வாங்கவைத்தார். நாங்கள் போகவிருந்தது ஒரு துக்க வீட்டுக்கு; வெறுங்கையோடு போகக்கூடாது. அப்புறம், கறுப்புச் சட்டை.

அங்கே நடக்கும் இறுதிச் சடங்கின் பெயர் ரம்பு சோலோ. செலவுக்குப் பணம் சேர்ந்து, சொந்தபந்தம் கூடும்வரை இறந்தவரை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். அதுவரை அவர் 'தொ மகுலா', நோயாளி. வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறார்கள். தன் பாட்டிக்கு அப்படிக் காபி வைத்ததை வழிகாட்டி சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மதியம் ஆண்கள் வட்டமாக நின்று, சுண்டுவிரல்களைக் கோர்த்து, மாபடோங் என்ற துக்கப் பாட்டைப் பாடினார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் எழுந்து தணியும் குரல்கள். இறந்தவரின் வாழ்க்கையைத்தான் பாடுகிறார்கள் என்று வழிகாட்டி காதருகே விளக்கினார். போட்டோ எடுக்கும் முன் எங்களுக்காக வீட்டாரிடம் அனுமதியும் கேட்டுச் சொன்னார்.

ஒரு குறை: சடங்கில் எருமையைப் பலியாக வெட்டும் நேரத்தை முன்கூட்டியே சொல்லவில்லை. என் பத்து வயது மகள் பார்த்துவிட்டாள், இரவு முழுக்கத் தூங்கவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுநாள் லெமோ என்ற இடம். பாறையைக் குடைந்த கல்லறைகள், மாடத்தில் கை நீட்டி நிற்கும் 'தவ்தவ்', அதாவது இறந்தவர்களைக் குறிக்கும் மரப்பொம்மைகள். காலையிலேயே போங்கள், வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழுகிறது.