மேல் இமை பிடிக்கும் லென்ஸா, இமைகளுக்கு நடுவே நிற்கும் லென்ஸா?

ஆர்ஜிபி எனப்படும், காற்றை ஊடுருவ விடும் கடின கான்டாக்ட் லென்ஸ் உறுத்தினால் பலர் முதலில் பிராண்டை மாற்றிப் பார்க்கிறார்கள். அதற்கு முன், அது எந்த முறையில் பொருத்தப்பட்டது என்று கேளுங்கள்.

முறைகள் இரண்டு. ஒன்றில் லென்ஸின் மேல் விளிம்பு மேல் இமைக்கு அடியிலேயே இருக்கும். கண் சிமிட்டும்போது இமையோடு சேர்ந்து நகரும். மற்றதில் சிறிய லென்ஸ் இரண்டு இமைகளையும் நம்பாமல் கார்னியாவின், அதாவது கண்ணின் முன்புறத் தெளிவான படலத்தின், நடுவே நிற்கும்.

கார்னியா மிகத் தட்டையாக இருக்கும் திசையில் அதன் வளைவு ஆரம் 7.80 மி.மீ. (எண் கூடினால் தட்டை, குறைந்தால் குத்து), கார்னியா தளத்துக்குக் கணக்கிட்ட பவர் −4.00 என்று வைத்துக்கொள்வோம். இமை பிடிக்கும் லென்ஸுக்கு விட்டம் 9.5 மி.மீ., வளைவு 7.85 என்று தொடங்கலாம். நடுவே நிற்பதற்கு விட்டம் 9.0, வளைவு 7.70. பவரும் கூடவே மாறும். கார்னியாவைவிடத் தட்டையான லென்ஸுக்கு அடியில் தேங்கும் கண்ணீர் தானே மைனஸ் லென்ஸாகிவிடுவதால் −3.75 போதும். குத்தான லென்ஸில் அது பிளஸ் ஆவதால் −4.50 தேவை. வளைவு 0.05 மி.மீ. நகர்ந்தால் பவர் ஏறக்குறைய 0.25 நகரும். இதை மறந்து வளைவை மட்டும் மாற்றி ஆர்டர் செய்தால் பார்வை மங்கும்.

எது யாருக்கு? கண்ணாடியில் நேரே பாருங்கள். மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தை மூடியிருந்தால் முதல் முறை. இமை அந்த ஓரத்துக்கு மேலே நின்றால் பிடிக்க ஆளில்லை, இரண்டாவதுதான்.

இரண்டும் முடியும் என்றால் இமைப்பிடியைத்தான் பரிந்துரைப்போம். ஒவ்வொரு சிமிட்டலிலும் இமை விளிம்பில் இடிப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று சிங்கப்பூர் அலுவலகம். நாள் முழுக்க ஏர்கான், எதிரே திரை, அரைகுறைச் சிமிட்டல். இமை பிடிக்காத லென்ஸ் கீழே இறங்கி நின்றால் பக்கவாட்டில், மூன்று மணி ஒன்பது மணி இடங்களில், கார்னியா காய்ந்து அதை ஒட்டிய வெள்ளை விழி சிவக்கும். சிறிய லென்ஸில் பவர் பகுதியும் குறுகலாக இருப்பதால், கண்பாவை விரியும் இரவில் பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டும்போது விளக்குகள் சிதறித் தெரியலாம்.

இமைப்பிடிக்கும் குறை உண்டு. லென்ஸ் அளவுக்கு மீறி மேலே ஏறி நின்றால் கார்னியாவின் வடிவமே மாறும். பிறகு மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெளிவு வராது.

சோதிக்கும்போது கண்ணில் இடும் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயம் நடுவில் சீராக, மெல்லிய படலமாகப் பரவி, ஓரத்தில் சுமார் அரை மி.மீ. பச்சை வளையம் தெரிய வேண்டும். சிமிட்டினால் 1 முதல் 2 மி.மீ. நகர வேண்டும். யுவி தடுக்கும் லென்ஸை பர்ட்டன் விளக்கில் (யுவி ஒளி தரும் கைவிளக்கு) பார்த்தால் சாயம் ஒளிராது, ஒட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில், நீல ஒளியிலும் மஞ்சள் வடிகட்டியோடும் பாருங்கள். போட்ட உடனே கண்ணீர் பெருகும் என்பதால் 20 நிமிடம் பொறுக்க வேண்டும். மறுபரிசோதனைக்கு வேலை முடிந்த மாலையில், லென்ஸைக் கழற்றாமலே போங்கள்.