பெட்டிக்கு எந்தத் தாழ்ப்பாள்? 4 அங்குல டவர் போல்ட் வகைகள் ஓர் அலசல்

ஹார்டுவேர் கடையில் “பெட்டிக்கு ஒரு தாழ்ப்பாள்” என்று கேட்டால், கதவுக்காகச் செய்த டவர் போல்ட்டைத்தான் (கூடு ஒன்றுக்குள் கம்பி சறுக்கி, எதிரே உள்ள வளையத்தில் நுழையும் தாழ்ப்பாள்) எடுத்து மேசையில் வைப்பார்கள். முன்பக்கம் கதவு வைத்த அலமாரிப் பெட்டிக்கு அது சரி. மூடி மேலே தூக்கும் பெட்டிக்கு அப்படியே வாங்கிப் போட்டால் வேலை செய்யாது. கம்பி நகரும் திசை, பெட்டி திறக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் மூடியில் கம்பியை நெட்டாகப் பொருத்தினால், மூடியைத் தூக்கும்போது வளையம் கம்பியை விட்டு நழுவிப் போய்விடும். தாழ்ப்பாள் போட்டும் போடாதது போலத்தான்.

மூடிப் பெட்டிக்குக் கம்பி படுக்கைவாட்டில் ஓட வேண்டும். மூடியிலிருந்து ஒரு காது கீழே தொங்கி, அதன் துளைக்குள் கம்பி நுழைய வேண்டும். காதுக்கு 25 × 25 × 3 மி.மீ. ஆங்கிளில் (‘L’ வடிவ இரும்புப் பட்டை) 60 மி.மீ. துண்டு போதும். மேல்பாதியை மூடியின் முன்பட்டியில் முடுக்கி, கீழ்பாதியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் 11 மி.மீ. துளை போடுங்கள். கம்பி 10 மி.மீ. என்று வைத்துச் சொல்லும் அளவு இது. போல்ட்டோடு வரும் வளையத்தைக் காதின் மறுபக்கம் பொருத்தினால், கம்பி இரண்டு பக்கமும் தாங்கப்படும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால், யாராவது மூடியை நெம்பும்போது நுனி வளையும். வளைந்த கம்பி அதன்பின் கூட்டுக்குள் திரும்பாது.

பலர் கோட்டை விடுவது கனத்தில்தான். மூடியின் முன்பட்டி பெட்டியின் முகத்தைவிட 12 மி.மீ. வெளியே நிற்கிறது என்றால், தாழ்ப்பாளுக்கு அடியில் 12 மி.மீ. கட்டை மட்டும் வைத்தால் போதாது. ஆங்கிளின் முதுகு 3 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும், துளை ஆங்கிளின் உள்மூலையைத் தின்றுவிடும். 12 மி.மீ. பிளைவுட்டின் மேல் 4 மி.மீ. பிளைவுட் ஒட்டி 16 ஆக்கினால் சரியாக வரும். துளையின் இடத்தை ஸ்கேலால் அளந்து குறிக்காதீர்கள். தாழ்ப்பாளை முதலில் பொருத்தி, கம்பி நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, மூடியை மூடிவிட்டு, கம்பியைக் காதின் மேல் அழுத்துங்கள். வட்டமாகப் பதியும் தடத்தின் நடுவில் பஞ்ச் அடித்துத் துளையிட்டால் பிசகாது.

அடுத்தது ஸ்க்ரூ. கம்பி முறிந்து கெட்ட தாழ்ப்பாளைவிட, ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்த தாழ்ப்பாளே அதிகம். 12 மி.மீ. பிளைவுட்டில் அரை அங்குல ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு மிகக் குறைவு. பலகையின் விளிம்பில் அடித்தாலோ அடுக்குகள் பிளந்து கொடுத்துவிடும். பெட்டிப் பக்கம் எம்4 × 40 போல்ட் (4 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீளம்), காதுப் பக்கம் எம்4 × 25, உள்ளே அகலமான வாஷர், நைலாக் நட் (நைலான் வளையம் உள்ள, தளராத நட்) என்று போடுங்கள். தாழ்ப்பாளின் துளை சிறிதாக இருந்தால் 4.2 மி.மீ. டிரில்லால் அகலப்படுத்தலாம். தகரப் பெட்டி என்றால் 3.2 மி.மீ. பாப் ரிவெட், உள்பக்கம் ஒரு வாஷரோடு.

இனி எந்த உலோகம் என்று பார்ப்போம்.

அலுமினியம் விலை குறைவு, துருப்பிடிக்காது, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கம்பியும் கூடும் இரண்டும் அலுமினியம் என்பதால், மேல்பூச்சு தேய்ந்ததும் ஒன்றையொன்று உராய்ந்து கறுப்புப் பொடி உதிரும், பிறகு இறுகும். தினமும் பத்து முறை திறக்கும் பெட்டிக்கு இது வேண்டாம். கடற்கரை ஊர்களில் அலுமினியத் தாழ்ப்பாளை ஸ்டீல் ஸ்க்ரூவால் பிடித்தால், உப்பு ஈரத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும்.

ஜிங்க் முலாம் பூசிய இரும்பு உறுதியானது. வீட்டுக்குள் இருக்கும் கருவிப் பெட்டிக்குத் தாராளமாகப் போடலாம். மழையில் நனையும் இடத்தில், முலாம் தேயும் உராய்வு முகத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் கம்பி கூட்டுக்குள் இறுகி நின்றுவிடும்.

பித்தளை அருமையான பொருள். வழவழப்பாக ஓடும், பச்சை படிந்தாலும் உள்ளே கெடாது. வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

எங்கள் தேர்வு கெட்டிக் கம்பி உள்ள 304 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தாழ்ப்பாள். அது வரும் அட்டைப்பெட்டியில் ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் போதாது, 202 தரத்தையும் அப்படித்தான் விற்கிறார்கள். கடல்காற்றில் 202 பழுப்பாகக் கறைபடும். இந்த இரண்டையும் காந்தம் பிரித்துக் காட்டாது, ஆகவே தர எண்ணைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஐ.எஸ். 204 என்பது டவர் போல்ட்டுக்கான இந்தியத் தர எண். அந்தக் குறி இருந்தால் நல்லது.

கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். கம்பியின் நுனியைப் பாருங்கள்: சில மலிவான எஸ்.எஸ். வகைகளில் அது கெட்டிக் கம்பியாக இருக்காது, வாயடைத்த குழாயாக இருக்கும். நகத்தால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள், இப்போதே ஆடினால் ஆறு மாதத்தில் கையோடு வரும். மூன்றாவது, தாழ்ப்பாளை நெட்டாகப் பிடித்துக் குலுக்குங்கள். குமிழ் கீழே மடிந்து உட்காரப் பள்ளம் இருந்தால் கம்பி நகராது. பள்ளம் இல்லாத நேர்வெட்டு வகையை வண்டியில் ஏற்றும் பெட்டிக்குப் போட்டால் அதிர்விலேயே திறந்துகொள்ளும்.

3டி பிரிண்ட் செய்த சறுக்குத் தாழ்ப்பாள்களும் இப்போது நிறைய வருகின்றன. மருந்து டப்பா, நட்டு போல்ட் டப்பா போன்ற சிறியவற்றுக்கு அவை நன்றாகவே இருக்கின்றன. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்: 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிக்கொள்ளும். பி.இ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். சறுக்கும் இடைவெளி ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. விடுங்கள். நகரும் துண்டின் பிடிமான நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால், ஒரு ஓரத்தில் விரல் வைத்துத் தள்ளும்போது கோணலாகத் திரும்பிச் சிக்கும். ஒழுங்காக ஓடாத மேசை இழுப்பறையிலும் இதே கோளாறுதான்.

மரத்திலேயே செய்ய நினைப்பவர்களுக்கும் அந்த இரண்டு மடங்குக் கணக்கு பொருந்தும். 30 மி.மீ. அகலத் தேக்குப் பட்டையில் நார் நீளவாட்டில் ஓட வேண்டும். ஈரத்தில் மரம் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் அசைவு மிகச் சொற்பம். கோடையில் செய்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் அது தானாகக் குறையும். பட்டை முழுவதும் வெளியே வந்து தொலையாமலிருக்க, அதன் நடுவில் நீளக் காடி வெட்டி, காடிக்குள் நிற்கும்படி அடிப்பலகையில் ஒரு ஸ்க்ரூவை இறக்குங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். வெள்ளை மெழுகுவர்த்தியை இரண்டு முகத்திலும் அழுத்தித் தேய்த்தால் போதும்; அலுமினியத் தாழ்ப்பாளுக்கும் இதே மெழுகுதான், கிராஃபைட் பொடி அல்ல. ஈரம் சேர்ந்தால் கிராஃபைட்டே அலுமினியத்தை அரிக்க வைக்கும்.