கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: கட்டணம் குறைவு, காலண்டர் கறார்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் என்பவை இரண்டு வருட அரசுக் கல்லூரிகள். மாநிலத்தில் குடியிருப்புத் தகுதி உள்ளவருக்கு அங்கே ஒரு யூனிட் (பாடத்தின் அளவு) 46 டாலர். 2012 கோடைப் பருவத்திலிருந்து இதே விலைதான். 60 யூனிட் முடித்து, மாநிலத்தின் நான்கு வருடப் பல்கலைக்கழகங்களான யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறினால், முதல் இரண்டு வருடத்துக்கான கல்விக் கட்டணம் 2,760 டாலரில் முடிந்துவிடும். புத்தகமும் ஹெல்த் ஃபீயும் பார்க்கிங்கும் தனி. மாநிலம் முழுக்க 116 கல்லூரிகள், சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பே ஏரியா தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த விலையோடு நின்றுவிடுகிறது. ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழுவது விதிமுறைகளில்தான். அதனால் இந்த விமர்சனத்தில் கட்டடமோ வகுப்பறையோ வரப்போவதில்லை. மாணவர் தலையில் எதெது விழுகிறது, அது நியாயமா என்பதுதான் கணக்கு.

முதலில் யூனிட்டின் எடை. செமஸ்டர் முறையில் ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர உழைப்பு: வகுப்பில் ஒன்று, வீட்டில் இரண்டு. முழுநேர மாணவர் என்பதற்கு 12 யூனிட் வேண்டும், அதாவது வாரம் 36 மணி நேரம். இதன் மேல் 25 மணி நேர வேலையையும் ஏற்றிக்கொள்பவர் எட்டாவது வாரத்தில் திணறுவதற்கு அறிவுக்குறைவு காரணம் இல்லை, வாரத்தில் மணி நேரம் போதவில்லை. பே ஏரியாவின் டி அன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளில் குவாட்டர் முறை. அங்கே யூனிட்டுக்கு 31 டாலர். ஒரு குவாட்டர் யூனிட் செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. பருவம் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும், ஒரு வாரம் பின்தங்கினாலே மிட்டெர்ம் வந்து நிற்கும்.

இனி உண்மையான சிக்கலான இடம்: வகுப்பை விடுவது. ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று கடைசித் தேதிகள் இருக்கின்றன. முதல் தேதிக்குள் விட்டால் பணம் திரும்ப வரும். இரண்டாவது தேதிக்குள் விட்டால் ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) சுவடே இருக்காது. இது பொதுவாக, கல்லூரி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் சென்சஸ் நாளை ஒட்டி, பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கழியும் சமயத்தில் வரும். மூன்றாவதற்குள் விட்டால், பாதியில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழும். பருவத்தில் 75 சதவீதம் தாண்டிய பிறகு டபிள்யூவும் கிடையாது, என்ன மதிப்பெண் வருகிறதோ அதுதான்.

முழு செமஸ்டர் வகுப்புக்கு இந்தத் தேதிகள் கல்லூரிக் காலண்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும். எட்டு வார வகுப்புக்கு அந்தக் காலண்டர் பொருந்தாது. அதில் பணம் திரும்பப் பெற முதல் ஐந்தாறு நாள்தான், சுவடில்லாமல் விட ஏறக்குறைய பதினோரு நாள், டபிள்யூவுக்கு ஆறாவது வாரம். இந்தத் தேதிகள் போர்ட்டலில் அந்தந்த வகுப்பின் செக்‌ஷன் எண்ணை அழுத்தினால்தான் தெரியும். முழு செமஸ்டர் தேதியைப் பார்த்துக்கொண்டு எட்டு வார வகுப்பில் உட்கார்ந்திருப்பவர், முதல் பரீட்சைத் தாள் கைக்கு வருவதற்குள் இரண்டு தேதிகளைத் தவறவிட்டிருப்பார். இது மாணவர் தவறு என்று கல்லூரிகள் சொல்கின்றன. விதிப்படி சரிதான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று தேதிகளையும் பதிவு உறுதி மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்புவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இந்தச் சேவையில் உடனே திருத்த வேண்டிய குறை இதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி. முதல் வாரத்தில் தலை காட்டாதவரை ஆசிரியர் நீக்கிவிடுவார். ஆன்லைன் வகுப்பில் உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, முதல் வாரத்து வேலை ஒன்றையாவது சமர்ப்பிக்க வேண்டும். உதவித்தொகையைக் குறிவைத்துப் போலி மாணவர்கள் பதிவு செய்வது பெருகிய பிறகு இதில் கண்டிப்பு அதிகம். ஆனால் நான்கு வாரம் வந்துவிட்டு அப்புறம் நின்றவரை யாரும் நீக்குவார்கள் என்று நம்பக் கூடாது. போர்ட்டலில் 'ட்ராப்' அழுத்தாத வரை அவர் வகுப்பில்தான் இருக்கிறார். பருவ முடிவில் எஃப் விழும்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேதியியல் 5 யூனிட், ஆங்கிலம் 4, வரலாறு 3, ஆக மொத்தம் 12. வேதியியல் கவிழ்கிறது. விடாமல் இருந்து எஃப் வாங்கினால், ஆங்கிலத்தில் பியும் வரலாற்றில் ஏயும் எடுத்திருந்தாலும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) சரியாக 2.0. ஓர் இழை குறைந்தாலும் புரொபேஷன், அதாவது கல்லூரியின் எச்சரிக்கைப் பட்டியல். டபிள்யூ வாங்கினால் ஜிபிஏ 3.43 என்று நிமிர்ந்து நிற்கும், ஆனால் முடித்தது 12-க்கு 7, அதாவது 58 சதவீதம். மத்திய அரசு உதவித்தொகைக்கு எடுத்த யூனிட்டில் ஏறத்தாழ 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும், எனவே அங்கிருந்து எச்சரிக்கை வரும். பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை வாங்கியவர் பருவத்தில் 60 சதவீதம் கடக்கும் முன் எல்லா வகுப்பையும் விட்டால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு இதே முடிவு வேறு கதை: சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறாமல் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். முதலில் கையெழுத்து, அப்புறம் ட்ராப். வரிசை மாறினால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அந்த 12-லும் ஆன்லைனாக ஒரே ஒரு வகுப்பு, அதாவது 3 யூனிட் வரைதான் கணக்கில் சேரும். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

டபிள்யூவை இஷ்டத்துக்கு எடுக்கவும் முடியாது. ஒரே பாடத்தில் எத்தனை முறை சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதில் டபிள்யூவும் ஒரு முறையாக எண்ணப்படும். மொத்தம் 12 யூனிட்டோ அதற்கு மேலோ பதிவு செய்து அதில் பாதி டபிள்யூவாகவோ முடிக்காததாகவோ நின்றால், ஜிபிஏ நன்றாக இருந்தாலும் முன்னேற்றப் புரொபேஷன் உண்டு. இரண்டு பருவம் தொடர்ந்து புரொபேஷனில் இருந்தால் கட்டண விலக்கும் போகக்கூடும். நோய், விபத்து, வீட்டில் மரணம் போன்ற கட்டுக்கு மீறிய காரணம் என்றால் 'ஈடபிள்யூ' (காரணம் ஏற்கப்பட்ட விலகல்) கேட்டு மனுப் போடலாம். அது எத்தனை முறை சேர்ந்தார் என்ற கணக்கிலும் வராது, முன்னேற்றக் கணக்கிலும் வராது. ஆஸ்பத்திரிச் சீட்டு போன்ற ஆதாரம் வேண்டுமா என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். மிக நல்ல ஏற்பாடு இது; இருப்பது தெரியாமலேயே பலர் எஃப்போடு போய்விடுகிறார்கள்.

ஹைஸ்கூல் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இங்கே நிதானிக்க வேண்டும். பள்ளி ஒப்புதலும் பெற்றோர் கையெழுத்தும் இருந்தால் ஒரு பருவத்தில் 11 யூனிட் வரை பகுதிநேரமாக எடுக்கலாம். பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த மதிப்பெண் பள்ளி மதிப்பெண் அல்ல, நிரந்தரக் கல்லூரிப் பதிவு. பத்தாம் வகுப்புக் கோடையில் வாங்கிய சி, மருத்துவக் கல்லூரிக்கு ஏஎம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கும்போதும் வந்து நிற்கும். பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் அங்கே இரண்டு மதிப்பெண்ணும் சேரும். கோடையில் சும்மா இருக்க வேண்டாமே என்பதற்காக ஆறு வாரக் கால்குலஸில் தள்ளிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை இல்லை.

இன்னொன்றும் பெற்றோருக்குக் கசக்கும். மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் வருடத்து ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் கால் வைத்த கணமே பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையது, வயது பதினைந்தாக இருந்தாலும். பிள்ளை எழுதிக் கொடுத்தால்தான் ஆசிரியர் உங்களிடம் பேசுவார். வரியில் சார்ந்தவர் என்று காட்டியிருந்தாலும், தகவல் தருவதா இல்லையா என்பது கல்லூரியின் விருப்பம். அப்பா ஃபோன் போட்டுச் சரிசெய்யும் இடம் இல்லை இது.

ஒழுங்கு விதிகளில் மாணவர் பக்கம் இருக்கும் பாதுகாப்பு பாராட்டத் தக்கது. வகுப்பைக் குலைப்பவரை ஆசிரியர் அந்த வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் மட்டுமே வெளியேற்றலாம். நிரந்தர நீக்கம் நிர்வாகக் குழுவின் கையில். ஒரு பரீட்சையில் காப்பியடித்தால் அந்தப் பரீட்சைக்குப் பூஜ்யம் போடலாம், அதற்காகவே முழுப் பாடத்துக்கும் எஃப் போடக் கூடாது என்பது, இந்தக் கல்லூரிகளின் மாநிலத் தலைமையகமான சான்சலர் அலுவலகத்தின் சட்டக் கருத்து. ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். சிலபஸில் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும், கட்டுரையின் பழைய வரைவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணை எதிர்த்து முறையிட நான்கே காரணங்கள்: கணக்குப் பிழை, மோசடி, தீய நோக்கம், தகுதியின்மை. 'நான் நன்றாகத்தான் எழுதினேன்' என்பது இதில் எதிலும் சேராது. சிலபஸில் சொன்ன விகிதத்தை வைத்து நீங்களே கூட்டிப் பார்த்து, வித்தியாசத்தை எண்ணாகக் காட்டினால் மனு நிற்கும்.

குறைபாடுள்ள மாணவர்களுக்கான ஐஇபியோ 504 திட்டமோ பள்ளியில் இருந்த பிள்ளைக்கு அது இங்கே தானாகத் தொடராது. டிஎஸ்பிஎஸ் என்ற மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்தில் மாணவரே பதிந்து, சலுகைக் கடிதத்தை ஒவ்வொரு பருவமும் ஆசிரியர்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டும். கடிதம் சேரும் முன் எழுதிய பரீட்சைக்குக் கூடுதல் நேரம் பின்தேதியிட்டு வராது.

யூசிக்கு மாறும் நோக்கம் இருந்தால் இரண்டு விஷயம். படித்த எல்லாக் கல்லூரியையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். வேறொரு கல்லூரியில் ஒரே வகுப்பு எடுத்து விட்டிருந்தாலும் சரி. மறைத்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம். அதோடு, நவம்பரில் விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை: இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் மாறிய வசந்த கால வகுப்புகளையும் ஜனவரி 31-க்குள் அப்டேட் செய்ய வேண்டும். டேக் என்ற உறுதிச் சேர்க்கைக்கு செப்டம்பர் மாதம் மட்டும்தான் கதவு திறக்கும், அதுவும் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறில் ஒன்றுக்கு மட்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அந்தப் பட்டியலில் இல்லை.