வெளிக்கூடு மட்டும்தான் திரும்பி வந்தது

சேலம் பக்கம் பழைய கேம் கன்சோல் வைத்திருக்கிறவர்கள், அதுவும் ஜப்பானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வீட்டில் யாரோ எப்போதோ வாங்கிவந்து பரணில் கிடக்கிற பெட்டியை ஒருமுறை சரிபார்த்து வைப்போமே என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைக்கிறவர்கள், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் முழுசாக எழுதுகிறேன்.

என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1989 கோடை லீவுக்கு வந்தபோது கோபே துறைமுகத்தில் வாங்கிய சிவப்பும் வெள்ளையுமான ஃபேமிகாம் ஒன்றும், அதற்கென்றே ஒரு சின்ன ஜப்பான் டிவியும், இரண்டுக்கும் சேர்த்து, நம் ஊர் மின்சாரத்தின் வோல்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு கனமான ஸ்டெப் டவுன் பெட்டியும் கொண்டுவந்தார். நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் ஜப்பானில் விற்க ஆரம்பித்த கன்சோல் அது. நம் ஊர்க் கடைகளில் 90களில் 'டிவி கேம்' என்று வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை இதன் நகல்கள்தான். ஏற்காட்டில் அப்பிச்சி காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவராக இருந்ததால் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது, நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் லீவு விட்டதும் இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிப் போவோம், அந்தப் பெட்டிக்காகவே.

அதில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இருக்காது, அந்த இடத்தில் ஒரு குட்டி மைக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தியும் இருக்கும். அதில் பேசினால் டிவியில் கேட்கும். அம்மாயி அதை வாயருகே பிடித்துக்கொண்டு "சாப்பிட வாங்க சாமி" என்று கூப்பிடுவார், மரியோ பாட்டுக்கு நடுவே அவர் குரல் வரும். அம்மாயி இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

டிவி எப்போதோ போய்விட்டது. கன்சோலை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். ஏற்காட்டு ஈரத்தைப் பற்றி அங்கே ஒரு மழைக்காலம் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பீரோவில் இருக்கிற துணியே பூத்துப்போகும். கேசட்டுகளின் கால்களில் பச்சை படிந்திருந்தது, ஆனால் கூட்டில் விரிசல் இல்லை, துருவும் பெரிதாக இல்லை. என் மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று போன மாதம் கீழே கொண்டுவந்தேன்.

இந்த மாடல் இன்றைய டிவியில் நேரடியாக ஓடாது. அது ஆன்டெனா வழியாக ஜப்பானின் 1, 2 சேனல்களில் படம் அனுப்பும், அந்த அலைவரிசை நம் டிவிகளில் இல்லை. உள்ளே படத்துக்கான சிப்பின் 21ஆம் காலிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாக வீடியோவை வெளியே எடுத்து, மஞ்சள், வெள்ளை ஒயர் சொருகுகிற மாதிரி மாற்ற வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது அரை நாள் வேலை. கூடவே முப்பது நாற்பது வருஷத்துப் பழைய கண்டன்சர்களையும் மாற்றிவிடுவது நல்லது. இந்த இரண்டு வேலைக்காகத்தான் டவுனில் டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்க்கிற ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்ததுமே "இதெல்லாம் நிறைய பண்ணியிருக்கேன்மா" என்றார். 2,800 ரூபாய் பேசி, 1,500 முன்பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைச் சீட்டில் 'டிவி கேம் 1' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் வாங்கிக்கொண்டு வந்ததுதான் முதல் தப்பு.

கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேன்: அடாப்டர் 100 வோல்ட் ஜப்பான் அடாப்டர், நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகக் கூடாது, இந்த ஸ்டெப் டவுன் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து வாங்கிவந்தேன். மரியோ கேசட்டைப் போட்டேன், படம் வந்தது. மகள் துள்ளினாள், எனக்கும் தொண்டை அடைத்தது. வெளிக்கூட்டைத் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள், அந்தச் சொரசொரப்பு போய் ஒரு பக்கம் மெழுகு தடவின மாதிரி வழவழவென்று இருந்தது, அதுகூடப் போகட்டும் என்று விட்டேன். அப்புறம் இரண்டாவது ரிமோட்டை எடுத்து, நகர்த்தியை முழுசாகத் தள்ளி, மகளைப் பேசச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை.

மைக் போயிருக்கலாம், பழைய பொருள்தானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரம் ஆட ஆட, பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. சுருதி கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நடை தொய்கிறது. சத்தத்தின் தன்மையும் மாறியிருந்தது, மூக்கடைத்த மாதிரி. சின்ன வயதில் நூறு தடவை கேட்ட பாட்டு, காது மறக்காது. கடைக்குப் போன் செய்தேன். "உங்க ஞாபகத்துல அப்படி இருக்கும்மா, அந்த மைக் எல்லாம் சும்மா ஷோவுக்கு வெச்சிருப்பான்" என்றார்.

இனி எழுதப்போவதை, பழைய கன்சோல் வாங்கப் போகிறவர்களும் கவனியுங்கள். ஜப்பான் டிவி முறையில் நொடிக்கு 60 படம், நம் ஊர் டிவிகளின் 'பால்' (PAL) முறையில் 50. ஜப்பான் ஃபேமிகாம் 60இல்தான் ஓடும். நம் ஊரில் விற்ற நகல்கள் பெரும்பாலும் 50இல் ஓடுகிறவை. மரியோ முதல் கேமில் மேலே 400இல் ஆரம்பித்து இறங்குகிற நேரம் இருக்கிறதே, அது நிஜ நொடி கிடையாது, 24 படத்துக்கு ஒன்று குறையும். அதாவது 400 முடிய 9,600 படம் ஓட வேண்டும். அசல் ஜப்பான் பெட்டியில் அது 160 நொடி, 50இல் ஓடுகிற பெட்டியில் 192 நொடி. முதல் கட்டத்தில் மரியோவை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, கையில் போனின் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிடம் 12 நொடி. மகளிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். ஒரு நொடி முன்பின் இருக்கும், அதே கணக்குதான் வந்தது.

அன்று ராத்திரியே திறந்தேன். ஃபேமிகாமைத் திறக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம், அடியில் இருப்பது சாதாரண ஸ்டார் ஸ்க்ரூதான். உள்ளே இருக்க வேண்டியது நாற்பது நாற்பது கால்கள் உள்ள இரண்டு பெரிய சிப்புகள், ஒன்றின் மேல் ஆர்பி2ஏ03 என்றும் இன்னொன்றின் மேல் ஆர்பி2சி02 என்றும் எழுதியிருக்கும், போர்டிலேயே எச்விசி-சிபியு என்று அச்சு இருக்கும். நான் பார்த்தது ஒரு மெல்லிய சின்ன போர்டு, நடுவில் தார் சொட்டினது போலக் கறுப்பாக ஒரு பொட்டு, கேசட் சொருகுகிற இடத்தில் க்ளூ கன் பசை அப்பி நிறுத்தியிருந்தார்கள். மொத்த கன்சோலையும் ஒரே சிப்பில் அடக்கி அதன் மேல் பசை ஊற்றியிருக்கும் மலிவு நகல் போர்டு அது. சில நூறு ரூபாய் டிவி கேமில் இருக்கும். இந்த மாதிரி நகல் சிப்புகள் பலவற்றில் இசைக்கான சதுர அலைகளின் அகலம் அசலில் இருப்பதுபோல இருக்காது, இடம் மாறியிருக்கும், அதனால்தான் அந்த மூக்கடைப்பு. மைக்குக்குப் போகிற ஒயர்களை வெட்டி, டேப் சுற்றி ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அந்த இரண்டு ஒயர் முனைகளைப் பார்த்ததும் எனக்கு வந்த அழுகையை எழுத்தில் சொல்ல முடியாது.

மறுநாள் போனேன். "முப்பது வருஷப் பொருள், உள்ளே எல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று அடித்துச் சொன்னார். மாற்றிவிட்டீர்கள் என்று நான் சொல்ல, கொடுத்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் இல்லை. அடியில் இருந்த சீரியல் நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அது வெளிக்கூட்டின் நம்பர், அது அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவது தடவை என் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனபோது குரல் கொஞ்சம் இறங்கியது, "விடுங்கம்மா, பத்தாயிரம் கேம் இருக்கிற ஸ்டிக் ஒண்ணு தரேன், டிவியில சொருகினா போதும்" என்றார். நான் கேட்க வந்தது கேம் இல்லை என்று அவருக்குக் கடைசி வரை புரியவே இல்லை.

உண்மையைச் சொன்னது அந்தக் கடையில் வேலை பார்க்கிற பையன். மூன்றாவது தடவை போனபோது பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தவன் தானாகவே வந்து, "அக்கா, ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க, சிசிடிவி அடாப்டரைச் சொருகிப் பார்த்தாங்க, புகை வந்துச்சு" என்றான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட், முனையின் நடுவில் மைனஸ், வெளிச்சுற்றில் பிளஸ். இன்று கேமராவுக்கும் ரவுட்டருக்கும் வருகிற அடாப்டர்கள் இதற்கு நேர் எதிர், நடுவில் பிளஸ். சொருகுகிற முனை மட்டும் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். நான் கொடுத்த ஸ்டெப் டவுன் பெட்டியைத் தூக்கி வைக்கச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்ததைச் சொருகி, கரண்டைத் தலைகீழாகப் பாய்ச்சிவிட்டார்கள். எரிந்துபோயிற்று என்று அன்றைக்கே ஒரு போன் செய்திருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருக்க மாட்டேன். கைத்தவறு யாருக்கும் வரும். அதை மறைக்க வேறு போர்டை உள்ளே வைத்து, பசை போட்டு ஒட்டி, மீதி 1,300 ரூபாயையும் கையில் வாங்கிக்கொண்டு, "சூப்பரா இருக்கும்மா" என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகை வந்த போர்டு எங்கே என்று நேராகவே கேட்டேன். பையன் பெயரை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் முறைத்தார், அப்புறம் கழிவுச் சாமான் சாக்கைக் கவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். பணம் 1,500 திரும்பி வந்தது, மீதி வரவில்லை. ஒரு கேசட்டின் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்ததையும் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், மேல் பூச்சு போய்ச் செம்பு தெரிகிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தாலே பச்சை போய்விடும், மற்ற கேசட்டுகளை நான் அப்படித்தான் சுத்தம் செய்தேன். வாயால் ஊதவும் கூடாது, அந்த எச்சில் ஈரமே பிறகு அரிக்கும்.

இவ்வளவு வேதனைப்பட ஒரு கன்சோலில் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். நிண்டெண்டோ ஃபேமிகாம் தயாரிப்பை 2003இல் நிறுத்திவிட்டது. உதிரிபாகம் இல்லாததால் 2007இல் ஜப்பானிலேயே பழுதுபார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு சிப்பையும் இனி யாரும் அச்சு அசலாகச் செய்து தரப்போவதில்லை, எரிந்தால் இன்னொரு பெட்டியைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். கேம்களைப் போனில்கூட ஆடலாம், நானும் ஆடுகிறேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி என்பது வேறு.

அதனால் கொடுப்பதற்கு முன் நீங்களே திறந்து, போர்டின் இரண்டு பக்கத்தையும், சிப்புகளின் மேல் இருக்கிற எழுத்து படிக்கிற அளவுக்குக் கிட்டத்தில், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டு, பிறகு பொருளைக் கொடுங்கள், தேதியோடு ஆதாரம் இரண்டு பேரிடமும் இருக்கும். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்குங்கள், ராத்திரி தங்கவிடாதீர்கள். அடாப்டரின் மேல் ஒரு பேப்பரை ஒட்டி 'நடுவில் மைனஸ், வேறு அடாப்டர் போடாதே' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வாங்கும்போது மைக், இரண்டு ரிமோட், அந்த 400 கணக்கு, எல்லாவற்றையும் கடையிலேயே பாருங்கள். கேசட் போடாமல் ஆன் செய்து பாருங்கள், கேம் பட்டியல் வந்தால் அது நகல்தான், அசல் ஃபேமிகாமுக்குள் கேம் எதுவும் கிடையாது. பில் இல்லாமல் நகராதீர்கள், அதில் மாடல் நம்பர் எச்விசி-001 என்றும் என்ன வேலை என்றும் எழுதச் சொல்லுங்கள். பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போகலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நானும் அந்த வெள்ளைச் சீட்டையும், பணம் அனுப்பிய ஜிபே விவரத்தையும், பசை ஒட்டிய போர்டின் படங்களையும் சேர்த்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

பழைய போர்டில் வோல்டை 5க்கு இறக்குகிற 7805 ரெகுலேட்டரையும் வெடித்த கண்டன்சர்களையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இன்னும் கறுப்புத் திரைதான். அம்மாப்பேட்டையில் என்னோடு படித்த ஒருவரிடம் வேறு ஒரு ஃபேமிகாம் இருக்கிறது, அதில் சிப்புகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி சாக்கெட்டில் வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு சிப்புகளையும் ஒவ்வொன்றாக அதில் பொருத்திப் பார்க்கப்போகிறோம். மைக் ஒயர் இரண்டையும் நேற்று நானே சால்டர் வைத்து ஒட்டிவிட்டேன்.