கடலூர் ஜீப்பும் பாயின் ஸ்க்ரூட்ரைவரும்

சேலத்தில் ஐந்து ரோடு தாண்டி, பழைய வண்டி விற்கிற ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் ஒரு ஜீப் நிற்கிறது. 2011 மாடல், டீசல், நாலு சக்கரமும் இழுக்கும், மேலே கேன்வாஸ் டாப். 3 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார்கள். பத்து நாளாக அதை வாங்குவதா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். கம்பெனி பெயர் எதற்கு? எங்கள் ஊரில் இந்த உருவத்தில் இருக்கிற எல்லாமே ஜீப்புதான்.

எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கர் காபியும் கொஞ்சம் மிளகும் இருக்கிறது. குடியிருப்பது அஸ்தம்பட்டியில். வாரத்துக்கு மூன்று தடவை மேலே போய் வரவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவையும் எந்த வண்டி வேண்டுமானாலும் ஏறிவிடும். அரசு பஸ்ஸே ஏறுகிறது. சிக்கல் கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான். அது ரோடு இல்லை, மழைத்தண்ணி தனக்காக வெட்டிக்கொண்ட பாதை. ஐப்பசி மழையில் சிவப்பு மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் பழம் பறிக்கிற ஆட்களையும் மூட்டையையும் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.

புது வண்டி வாங்கேன் என்று என் தங்கச்சி சுலபமாகச் சொல்லிவிட்டாள். 2023 ஜூனில் மாருதி ஜிம்னி வந்தபோதே ஷோரூம் விலை 12.74 லட்சத்தில் ஆரம்பித்தது. நாலரை ஏக்கர் காபி அந்தத் தவணையைக் கட்டாது. அதனால் என் மாதிரி ஆட்களுக்குப் பழைய ஜீப்தான். பழைய ஜீப் என்றால் துரு.

இதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. 2013-ல் இதே ஜாதி ஜீப் ஒன்றை 1 லட்சத்து 85 ஆயிரத்துக்கு வாங்கினேன். எட்டு வருஷத்தில் டிங்கரிங்குக்கு, அதாவது தகடு வேலைக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. ஒரு நாள் மழையில் ஒன்பதாவது வளைவு ஏறும்போது வலது காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் ஆக்சிலரேட்டருக்குக் கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. தரைத் தகடே இல்லை, மேட் மட்டும்தான் இருந்தது. கடைசியில் ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டு எடைக்குப் போட்டேன். வந்தது 38 ஆயிரம். இனி துருப்பிடிக்கிற வண்டியைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னது உண்மை. என் மகள் அதை இன்னும் மறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் அந்த வண்டியைக் கொன்றதில் பாதி நான்தான். பொட்டாஷ் மூட்டைகளை அதில்தான் ஏற்றுவேன். மூட்டை ஓரம் கிழிந்து அந்தச் செங்கல் நிறத் தூள் தரையில் சிந்தும். பெருக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். தகடு மடிப்பில் போனது போகாது. தோட்டத்து ஆட்கள் உரத்தை உப்பு என்றே சொல்வார்கள். பொட்டாஷ் நிஜமாகவே உப்புதான், பொட்டாசியம் குளோரைடு. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் இருக்கிற குளோரைடு இரும்பை அரிக்கும். இதோடு ஏற்காட்டுப் பனிமூட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடல் இங்கிருந்து எவ்வளவோ தூரம், நமக்கு உப்புக்காற்றுப் பிரச்சினை இல்லை என்று நம்பிக்கொண்டு, கடலை நானே மூட்டை கட்டி உள்ளே வைத்திருந்தேன். துருப்பிடிக்காத எஃகை 1981-லிருந்து உருட்டுகிற உருக்காலை இருக்கிற ஊர்க்காரி செய்கிற காரியமா இது?

சரி, இந்த வண்டிக்கு வருகிறேன்.

கன்சல்டிங்கில் இறங்கியதும் வழக்கமான கேள்வி: "சார் வரலீங்களா மேடம்?" சார் வரவில்லை, பாய் வருகிறார் என்றேன். பாய் என்றால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற டிங்கர். வயது அறுபத்தெட்டு. என் பழைய ஜீப்புக்கு ஐந்து தடவை தரை அடித்துக் கொடுத்தவர். அவர் வருவதற்குள் நானே ஒரு சுற்று பார்த்தேன். என்னிடம் மாம்பழ வடிவத்தில் ஒரு ஃபிரிட்ஜ் காந்தம் இருக்கிறது. அதைத் துணியில் சுற்றி பெயிண்ட்டில் கீறல் விழாமல் பாடி முழுக்க நகர்த்தினேன். போனட்டில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. பின் மட்கார்டில் சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டவே இல்லை, கையை விட்டதும் கீழே விழுந்துவிட்டது. அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான். நான் பயப்படவில்லை. மட்கார்டு ஓட்டையால் யாரும் சாகமாட்டார்கள்.

அப்புறம் ஓட்டிப்பார்த்தேன். இங்கேதான் வம்பு.

கோரிமேடு வழியாக அடிவாரம் போய் மூன்றாவது வளைவு வரைக்கும் ஏறித் திரும்பினேன். இன்ஜின் அவ்வளவு நன்றாக இருக்கிறது. புகை இல்லை. செகண்டு கியரில் வளைவை மூச்சுவாங்காமல் ஏறுகிறது. அடிவாரத்தில் ஒரு மண் மேட்டில் நாலு சக்கர இழுவைக்கான சின்ன லீவரை லோவுக்குத் தள்ளி, ஃபர்ஸ்ட்டில் போட்டு, கிளட்சை விட்டுவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எருமை மாதிரி தன் பாட்டுக்கு ஏறியது. இறங்கும்போது பிரேக்கைத் தொடவே இல்லை, இன்ஜினே பிடித்துக்கொண்டு இறக்கியது. நாகலூர் சேற்றில் இந்த ஒரு குணத்துக்காகத்தான் மனுஷன் ஜீப் வாங்குகிறான். லீஃப் ஸ்பிரிங் முதுகெலும்பை எண்ணிப்பார்க்கும், ஏ.சி. பெயருக்குத்தான் இருக்கிறது, கேன்வாஸ் ஓரத்தில் காற்று விசிலடிக்கிறது, பரவாயில்லை. திரும்பி வரும்போது மனசுக்குள் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியே முடித்துவிட்டேன்.

கன்சல்டிங்காரர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "டாக்டர் வண்டிங்க மேடம். கிளினிக்குக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு." நம்பர் டி.என். 31. கடலூர். பெயரிலேயே கடல் இருக்கிறது, நான் என்ன சொல்ல.

பாய் வந்ததும் இன்ஜினைப் பார்க்கவில்லை, பெயிண்ட்டைப் பார்க்கவில்லை. "வாட்டர் சர்வீஸ் ராம்ப்ல ஏத்து கண்ணு" என்றார். பக்கத்திலேயே ராம்ப் இருந்தது, ஏற்றினோம். அடியில் போய் நிமிர்ந்து பார்த்தால் கன்னங்கரேலென்று மின்னுகிறது. புது அண்டர்கோட், துரு பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கிற கறுப்புப் பூச்சு. நான் "பளிச்சுனு இருக்கே பாய்" என்றேன். அவர் சுத்தியலை எடுத்து சேஸ் ரயில் மேல், அதாவது வண்டியைத் தாங்குகிற நீள இரும்புச் சட்டத்தின் மேல், முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே பின்னால் போனார். டங், டங், டங். இடது பக்கம் பின் ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட் வந்ததும் டொப். திரும்பத் தட்டினார். டொப். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். குத்தக்கூட இல்லை, வைத்து அழுத்தினார். அப்பளத்தில் விரலை வைத்த மாதிரி உள்ளே போனது. கறுப்புப் பூச்சு ஒரு தோலாக உரிந்து வர, அதற்குள்ளே துரு ஏடு ஏடாக இருந்தது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடிவிடும். அதனால்தான் ரெண்டு தகடு சேர்கிற இடத்தில் உள்ளே உப்பி, வெளிப்பூச்சைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே எவ்வளவு அடித்தாலும் உள்ளே அது வேலையை நிறுத்தாது. பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதால் இன்னும் சௌகரியம்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பெட்டி மாதிரி உள்ளே காலியாக இருக்கிற அந்தச் சட்டத்தில் தண்ணி வடிவதற்கு விட்டிருக்கிற ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார். ஈர மண் உதிர்ந்தது. உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்துக்கு நகர்ந்தார். நம் ஊர் மண் சிவப்பு, இது வெளிர் மஞ்சள். நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டு.

"டாக்டரு கிளினிக்கு பீச்சுலயா இருந்துச்சு?" என்றார் பாய்.

"ஆத்து மணல்லயும் சிப்பி இருக்கும் பாய்" என்றார் கன்சல்டிங்காரர். அசரவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். இரண்டு பக்கத் தரைத் தகடும் மாற்ற 18 ஆயிரம். மட்கார்டு, பட்டி, பெயிண்ட் 30 ஆயிரம். ஸ்டெப்னியோடு ஐந்து டயர் 32 ஆயிரம். பதினைந்து வருஷம் முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது. அப்போது தகுதிச் சோதனைக்கு, அதாவது எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அது போக பசுமை வரி. இதெல்லாம் பணம்தான், விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். சேஸ் அப்படி இல்லை. பிராக்கெட் மட்டும் போயிருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம், பாயே செய்வார். ரயிலே உள்ளிருந்து போயிருந்தால் நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். வண்டியில் மற்றதெல்லாம் தொங்குவது அதில்தான். கொண்டை ஊசி வளைவில் ஆறு ஆட்களோடு இறங்கும்போது ஸ்பிரிங் கழன்றால் கணக்குத் தாளைக் காட்டி யாரிடம் பேசுவது?

ஆக என் தீர்ப்பு இப்போதைக்கு இது. இன்ஜினும் கியரும் நூற்றுக்குத் தொண்ணூறு. பாடி நாற்பது, ஆனால் அதற்கு மருந்து உண்டு. சேஸுக்கு மார்க் போட முடியாது, விடைத்தாளையே மறைத்து வைத்திருக்கிறார்கள். துருவோடு, பூச்சு இல்லாமல், அசிங்கமாக நின்றிருந்தால் அன்றைக்கே 2 லட்சத்து 40 பேசியிருப்பேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது பழைய ஜீப் பார்க்கப் போனால், அடியில் புதுக் கறுப்பு தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

மகளிடம் சொன்னேன். "வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு எதுக்கும்மா கணக்கு போடறே?" என்றாள். பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை பொட்டாஷை வாடகை டெம்போவில் ஏற்றிவிடலாம், மழைக்காலம் முடிந்ததும் ஓட்டைகளில் தண்ணி பீய்ச்சி மண்ணை வெளியேற்றி, காயவைத்து, உள்ளே மெழுகு அடிக்கலாம், வருஷத்துக்கு ஒரு நாள் வேலைதானே என்று நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கன்சல்டிங்குக்குப் போன் செய்தேன். ரெண்டு ரயிலிலும் அந்த அண்டர்கோட்டை முழுக்கச் சுரண்டிக் காட்டுங்கள், நல்லதாக இருந்தால் மறுபடி அடிக்கிற செலவு என்னுடையது, பிராக்கெட் வேலையைக் கழித்துக்கொண்டு 2 லட்சத்து 10-க்கு அன்றைக்கே அட்வான்ஸ் என்றேன். மனுஷர் யோசித்துவிட்டு சரி என்றார். எனக்கே ஆச்சரியம்.

நேற்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "மேடம், நீங்க சொன்ன மாதிரியே அடியில முழுசா சுரண்டியாச்சு. அப்படியே விட்டா நல்லா இருக்காதுன்னு, உங்களுக்குச் செலவு வைக்காம நானே பெயிண்ட் அடிச்சு வச்சிட்டேன். வந்து பாருங்க."

பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்ன கலருன்னு கேட்டியா கண்ணு?"